நாரை மார்க் லேகியத்தின் நாக்கு

கனகவேணிக்குச் சம்பளம் நாக்கு வழிப்பதற்கு. தன் நாக்கை அல்ல, அதை அவள் வீட்டிலேயே இலவசமாக வழித்துக்கொள்வாள். விருதுநகர் நாரை மார்க் லேகியக் கம்பெனியின் மாடியில், ஒரு தனி அறையில், கண்ணாடித் தொட்டிக்குள் வெதுவெதுப்பான உப்புநீரில் ஒரு நாக்கு கிடந்தது. உயிருள்ள நாக்கு. அதை வழிக்கத்தான் சம்பளம்.

தினமும் காலையில் முகமூடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு தொட்டியின் மூடியைத் திறப்பாள். ராத்திரியில் படிந்த வெள்ளைப் படலத்தை வெள்ளி வழிப்பானால் மெல்ல வழித்தெடுப்பாள். வழிக்க வழிக்க அது சுருங்கும், நெளியும். சில நாள் வழிப்பானையே நக்கும். வேணி உயிர்த்திசு வளர்ப்பில் டாக்டர் பட்டம் வாங்கியவள். ஆஸ்பத்திரிகளுக்கு எத்தனையோ ஈரலும் சிறுநீரகமும் வளர்த்துக் கொடுத்திருக்கிறாள். அதிலெல்லாம் வராத அருவருப்பு இதில் வந்தது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஓடியும் அவளுக்குக் காலைப் பலகாரம் உள்ளே இறங்கவில்லை. இட்லியைப் பார்த்தாலே அந்த வெள்ளைப் படலம் ஞாபகத்துக்கு வந்தது.

நாக்கின் பெயர் தங்கபுஷ்பம். பெயர் வைத்தது கம்பெனியல்ல, அந்த அம்மாளைப் பெற்றவர்கள். இப்போதைய முதலாளி அருணகிரி அண்ணாச்சியின் தாயார். மருமகளாக இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்த நாளிலிருந்து படுக்கையில் விழும்வரை லேகியத்துக்குப் பதம் பார்த்தவர் அவர்தான். அடுப்பில் அண்டா கொதிக்கும். கரண்டி கரண்டியாக வாயில் ஊற்றுவார்கள். ஒரு கட்டத்தில் அவர் "போதும்" என்பார். உடனே அண்டாவை இறக்கிவிடுவார்கள். அந்தப் பதம்தான் நாரை மார்க்.

அவர் விழுந்து படுத்ததும் குடும்பத்துக்குப் பகீரென்றது. அம்மா போய்விடுவாரே என்பதற்காக அல்ல, பதம் போய்விடுமே என்பதற்காக. உறுப்பு வளர்க்கும் கம்பெனிகள் புற்றீசல் மாதிரி கிளம்பியிருந்த காலம் அது. அம்மாளின் நாக்கில் ஒரு துண்டு, அதோடு ஓடும் நரம்பு, அந்த நரம்பு போய்ச் சேரும் இடத்தில் மூளையில் ஒரு துளி என்று எடுத்து வளர்த்துத் தொட்டியில் போட்டார்கள். அம்மாள் உயிரோடு "போதும்" என்று சொன்னபோது நரம்பில் எழுந்த துடிப்பை முன்னாலேயே பதிந்து வைத்திருந்தார்கள். கீழிருந்து வரும் லேகியத்தை வேணி கரண்டியால் ஊற்றும்போது நாக்கில் அதே துடிப்பு எழுந்தால், பதிந்து வைத்த அவருடைய குரலிலேயே ஸ்பீக்கர் "போதும்" என்று சொல்லும். கீழே அண்டா இறங்கும்.

ஊர் உலகத்தில் எல்லாம் மாறிவிட்டது. பெட்ரோல் போயிற்று, காகித ரூபாய் போயிற்று, அரசாங்கங்கள் வந்து வந்து போயின. நாரை மார்க் டப்பா மட்டும் அப்படியே இருந்தது. அதே பச்சை மூடி, அதே ஒற்றைக்கால் நாரை, அதற்குக் கீழே புதிதாக ஒரே ஒரு வரி: "அதே நாக்கு, அதே ருசி." சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் ஆட்கள் தொண்டை தழுதழுக்கக் கூப்பிடுவார்கள். தீபாவளியன்று எங்கப்பா கையால் ஊட்டிவிட்ட அதே ருசி என்பார்கள். இன்னொருத்தியின் நாக்கில் தங்கள் பால்யத்தை ஒட்டவைத்துவிட்டு அவர்கள் நிம்மதியாகச் சப்புக்கொட்டினார்கள்.

கம்பெனிக்கு நூறு வயது ஆகப்போகிற நேரத்தில்தான் நாக்கு தகராறு செய்தது.

ஒரு நாள் காலை, கீழே அடுப்படியிலிருந்து கருத்தப்பாண்டி இன்டர்காமில் கத்தினார். அண்டா கிண்டுகிறவர்களுக்கு அவர்தான் மேஸ்திரி.

"டாக்டரம்மா! அண்டாவ இப்பத்தான் ஏத்துனேன். கருப்பட்டி கூடக் கரையல. அதுக்குள்ள அம்மா போதும்ங்கறாக. எறக்கவா வேண்டாமா?"

"எறக்காதீங்கண்ணே. கிண்டிக்கிட்டே இருங்க, பாத்துச் சொல்றேன்."

வேணி கருவியைக் கழற்றிப் பார்த்தாள். பழுது ஒன்றுமில்லை. நாக்கில் வெறும் தண்ணீர் விட்டாள், பேசாமல் கிடந்தது. சீனிப்பாகு விட்டாள், பேசவில்லை. தன் டிபன் டப்பாவில் தொடாமல் வைத்திருந்த கஞ்சியில் கொஞ்சம் விட்டபோது, நாக்கு அகலமாக விரிந்து அமைதியாகப் படுத்துக்கொண்டது. அப்புறம் லேகியக் கரண்டியை எடுத்தாள். எடுக்கும்போது கரண்டி தொட்டியின் விளிம்பில் 'டங்' என்று இடித்தது.

"போதும்," என்றது ஸ்பீக்கர்.

லேகியம் இன்னும் கரண்டியில்தான் இருந்தது. வேணி கரண்டியைக் கழுவித் துடைத்து, வெறும் கரண்டியால் கண்ணாடியைத் தட்டினாள். "போதும்." மறுபடியும் தட்டினாள். "போதும். போதும்." நாக்கு தொட்டியின் மறுகோடிக்கு ஒண்டிக்கொண்டு சுருண்டது.

நாக்குக்குக் காது கிடையாது. ஆனால் தண்ணீர் அதிர்ந்தால் தெரியும். அந்த அதிர்வுக்குப் பிறகு என்ன வரும் என்பதும் அதற்குத் தெரிந்திருந்தது. வேணி அடிமூடியைத் திறந்து, நாக்கோடு சேர்த்து வளர்த்த அந்த மூளைத் துளியை, நரம்புக் கட்டியைப் பார்த்தாள். புளியங்கொட்டை அளவைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். தாண்டினால் அது உறுப்பல்ல, வேறு ஏதோ. இவளுக்கு முன்னால் இருந்த மனுஷர் அதை வருஷா வருஷம் கத்தரித்து வந்திருக்கிறார். இவள் அருவருப்புப்பட்டு அந்தப் பக்கமே கை வைக்கவில்லை. கட்டி இப்போது எலுமிச்சங்காய் அளவுக்கு வளர்ந்து, மடிப்பு மடிப்பாக மடிந்திருந்தது.

அண்ணாச்சி தன் அறையில் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே திறந்த லேகிய டப்பா. பரோட்டா முடிந்ததும் அதை ஒரு விரலால் வழித்து நக்குவது அவர் வழக்கம்.

"அண்ணாச்சி, கருவியில கோளாறு இல்ல. அம்மாவுக்கு ஞாபகம் வந்திருக்கு."

"செத்துப் போனவுகளுக்கு என்னம்மா ஞாபகம்?"

"உடம்புதான் செத்துச்சு. உள்ள இருக்கிற நரம்புக் கட்டி அளவுக்கு மீறி வளந்திருக்கு. அவ்வளவு இருந்தா நேத்து நடந்தது இன்னைக்கு நெனப்பிருக்கும். கரண்டி சத்தம் கேட்டாலே அடுத்து என்ன வரப்போகுதுன்னு அதுக்குத் தெரியுது."

"தெரிஞ்சா நல்லதுதான? பதம் இன்னும் சுத்தமாச் சொல்லும்."

"அது பதம் சொல்லல அண்ணாச்சி. வேண்டாம்ங்குது."

அவர் திடுக்கிடுவார் என்று வேணி எதிர்பார்த்தாள். அவர் பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் தோய்த்தார்.

"ஆமா. அம்மா எப்பவும் அப்படித்தான்."

"அப்படின்னா?"

"நீ எந்த வீட்டு அடுப்படிக்கு வேணும்னாலும் போய்ப் பாரு. பதம் வந்துட்டா 'எறக்கு'ம்பாக. 'போதும்'னு எங்க சொல்லுவாக? பந்தியில, இலைக்கு மேல கைய மறைச்சுக்கிட்டு. இனிமே முடியாது சாமின்னு." அவர் சிரித்தார். "எங்கம்மாவுக்கு லேகியமே ஆகாது. வாடையே ஆகாது. தாத்தா உக்கார வச்சு ஊத்துவாரு. கொஞ்ச நேரம் தாங்குவாக. அப்புறம் கொமட்டிக்கிட்டு வந்துரும். போதும் மாமா, போதும் மாமான்னு அழுவாக."

வேணிக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. அவர் உட்காரச் சொல்லவில்லை.

"தாத்தா கில்லாடி. ஒரு நா அம்மா அப்படி அழுதப்ப, சரி தொலையுதுன்னு அண்டாவ எறக்கச் சொல்லிட்டாரு. அந்தச் சரக்கு சந்தையில பறந்துச்சு பாரு! அதுக்கு முன்னாடி வரைக்கும் நாரை மார்க்க நாய் சீண்டல. அப்புறந்தான் கண்டுபிடிச்சாரு. லேகியம் நெய் கக்குற நேரமும் அம்மாவுக்குக் கக்க வர்ற நேரமும் ஒண்ணு. சித்திங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சுப் பாத்தாரு. அவுக ருசிச்சு நக்கிக்கிட்டே இருந்தாக, அண்டா அடிப்பிடிச்சுப் போச்சு. அம்மா மட்டும் கடியாரம் மாதிரி. தெய்வம்மா எங்கம்மா."

தெய்வத்தை நினைத்துக் கண் கலங்கியவர், அந்தக் கையோடு டப்பாவில் விரலை விட்டு வழித்து நக்கினார். ஒரு வருஷமாகத் தொட்டியில் கிடந்ததைப் பார்த்துக் குமட்டியிருக்கிறாள் வேணி. எவ்வளவு பெரிய மடத்தனம் என்று இப்போது தோன்றியது. நாக்கு பாவம், சுத்தமாக இருந்தது. அருவருக்க வேண்டியது இந்த விரல்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"வீட்டுல எல்லாத்துக்கும் தெரியும். இதுல என்னம்மா ரகசியம்? யாரும் கேட்டதில்ல, நாங்க சொன்னதில்ல. நீ அந்தக் கட்டியப் பழையபடி வெட்டி விட்டுரு, சரியாயிரும். அப்புறம் இன்னொண்ணு. நூறாவது வருஷ விழா முடிஞ்ச கையோட அம்மாவப் பத்துத் துண்டு போட்டுரு. பத்து ஊருல புதுசாக் கம்பெனி தொறக்கறோம். ஊருக்கு ஒரு அம்மா."

"வெட்டுனா அவங்களுக்கு வலிக்கும் அண்ணாச்சி. பத்துத் துண்டும் இதே நெனப்போட வளரும்."

"வலிச்சா என்ன சொல்லப் போறாக? போதும்பாக." விரலைச் சப்பிக்கொண்டே சொன்னார். "அது நமக்கு நல்லதுதான?"

வெளியே வந்து வாஷ்பேசினில் வாந்தி எடுத்தாள். கூடவே அழுகையும் வந்தது. புகார் கொடுக்கலாமா என்று நினைத்தாள். கொடுத்தால் அதிகாரிகள் வருவார்கள், கட்டியை அளப்பார்கள், புளியங்கொட்டை அளவுக்கு வெட்டச் சொல்லிவிட்டு ஆளுக்கொரு டப்பா லேகியம் வாங்கிக்கொண்டு போவார்கள். சட்டத்துக்கு அளவுதான் கவலை.

கட்டியை அவள் வெட்டவில்லை. தொட்டியைச் சுற்றி ரப்பர் ஒட்டி, கரண்டி இடித்தாலும் அதிராமல் செய்தாள். நாக்கு ஏமாந்தது. லேகியம் மேலே விழுகிற நொடிவரை அதற்குத் தெரியாது. விழுந்த பிறகு வழக்கம்போல் தாங்கும், தாங்கமுடியாதபோது சொல்லும். அண்டா பதத்தோடு இறங்கியது. அண்ணாச்சிக்குப் பரம திருப்தி. வேணிக்குத் தன் கைகளைப் பார்க்கவே கூசியது. விழா வரைக்கும்தான், விழா வரைக்கும்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கரண்டியைச் சாய்த்தாள்.

விழா அன்று கம்பெனி வாசலில் பந்தல், தோரணம், நாதஸ்வரம். தொட்டிக்கு மல்லிகைச் சரம் சுற்றிக் கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். சனங்கள் வரிசையில் வந்து நாக்கைத் தரிசிக்கவும், அப்புறம் முற்றத்தில் எல்லோர் கண்ணெதிரே அண்டா ஏற்றவும் ஏற்பாடு. கூட்டம் சேர்வதற்கு முன்னாலேயே வேணி அறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

அன்று அவள் நாக்கை வழிக்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் விரலால் கஞ்சியைத் தொட்டு நாக்கின் மேல் வைத்தாள். அது விரிந்து படுத்தது. உப்புநீரில் மயக்க மருந்தைக் கலந்துவிட்டு, சத்துநீர் வரும் குழாயை மூடினாள். இன்னும் கொஞ்சம் கஞ்சி வைத்தாள். ஸ்பீக்கரை அணைக்கவில்லை. ஏதாவது சொன்னால் நிறுத்திவிடலாம் என்றிருந்தாள். கடைசிவரை அது ஒரு தடவைகூடப் "போதும்" என்று சொல்லவில்லை.

அண்ணாச்சி பட்டுவேட்டியோடு கதவைத் தட்டியபோது நாக்கு சாம்பல் பூத்துக் கிடந்தது. அவர் குனிந்து பார்த்தார். வழிந்திருந்த குங்குமத்தை மேல்துண்டால் துடைத்தார்.

"அம்மா போயிட்டாகளா?"

"போயிட்டாங்க."

"நீயா?"

"ஆமா, நான்தான். போலீஸக் கூப்பிடுங்க."

"எதுக்கு?" அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "சென்னையில ஐஸ்ல ஒரு துண்டு போட்டு வச்சிருக்கோம்மா. வளத்தெடுக்க மூணு மாசம். அதுவரைக்கும் அடுப்பு நிக்கணும், அதான் யோசிக்கறேன். சண்டை வந்தப்ப நிக்கல, வெள்ளம் வந்தப்ப நிக்கல, எங்கப்பா செத்த அன்னைக்கு நிக்கல. நூறாவது வருஷம் இன்னைக்கு நின்னா நல்லாவா இருக்கும்?"

"நேரம் வச்சு எறக்குங்க. மணி பாக்கத் தெரியாதா?"

"ஒரு வண்டி கருப்பட்டி மாதிரி இன்னொரு வண்டி கருப்பட்டி இருக்காது தாயி. ஆள்தான் வேணும்." அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ உக்காரேன். படிச்ச பொண்ணு. கொஞ்ச நாளைக்கு நீ பதம் சொல்லு, அதுக்குள்ள வேற வழி பாத்துக்கறேன். ஐஸ்ல இருக்கறதத் தூக்கி எறியச் சொல்லிடறேன். எங்கம்மா மேல சத்தியம்."

எந்த அம்மா மேல் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. உட்காரவில்லை என்றால் அந்தத் துண்டு வளரும். மூன்று மாதத்தில் மறுபடி ஒரு தங்கபுஷ்பம், மறுபடி அதே கரண்டி.

"இப்பவே போன் போட்டுச் சொல்லுங்க. என் கண்ணு முன்னாடி."

அவர் அங்கேயே நின்று போன் செய்தார். துண்டைச் சுட்டுப் பொசுக்குகிற காட்சியைச் சென்னைக்காரன் திரையில் காட்டும்வரை அவள் நகரவில்லை.

"உக்கார்றேன். ஆனா நான் 'எறக்கு'ன்னுதான் சொல்லுவேன். அந்த வார்த்தை என் வாயில வராது."

"உன் இஷ்டம்மா," என்றார் அண்ணாச்சி.

லேகியத்தின் பதம் கண்ணுக்கே தெரியும். துடுப்பில் ஒட்டாமல் சுருண்டு வரவேண்டும், ஓரத்தில் நெய் பிரியவேண்டும். அதைப் பார்த்துச் சொன்னால் முடிந்தது, வாயில் போடுவது வெறும் சம்பிரதாயம் என்று வேணி நினைத்துக்கொண்டாள்.

முற்றத்தில் தங்கபுஷ்பம் உட்கார்ந்த அதே நாற்காலியைப் போட்டிருந்தார்கள். கைப்பிடி இரண்டிலும் நகம் கீறிய பள்ளங்கள். பந்தலில் உள்ள சனத்துக்குக் கேட்க வேண்டும் என்று அவள் காலரில் சின்ன மைக் ஒன்றைக் குத்தினார்கள். அண்டா ஏறியது. கருத்தப்பாண்டி நீளக் கரண்டியோடு வந்து நின்றார்.

"வாயத் தொறங்க டாக்டரம்மா."

முதல் கரண்டி பரவாயில்லை. கருப்பட்டி இனித்தது, மிளகு சுட்டது. அடுத்த கரண்டியில் திப்பிலிக் காரம் தொண்டையில் நின்றது. அடுத்தது. அதற்கடுத்தது. கரண்டி அவளுக்கு நன்றாகத் தெரிந்த கரண்டி. மாடியில் அவளே பிடித்திருந்தது. விழுங்க விழுங்க, வழித்தெடுத்த வெள்ளைப் படலமும், நக்கிய விரலும், சால்னாவும் எல்லாம் ஒன்றாகத் திரண்டு நாக்கின் அடியில் ஒட்டின. அண்டாவை எட்டிப் பார்த்தாள். லேகியம் துடுப்பில் இன்னும் இழுபட்டது, நெய் பிரியவில்லை. இப்போது சொன்னால் பதம் தப்பும். தப்பினால், செத்துப்போன அம்மாவின் உடம்பில் இவர்கள் வேறெங்கே என்ன எடுத்து வைத்திருக்கிறார்களோ, யார் கண்டது? இன்னும் கொஞ்சம் தாங்கிவிட்டால் கௌரவமாக 'எறக்கு' என்று சொல்லிவிடலாம்.

"வாயத் தொறங்கம்மா."

வயிற்றைப் புரட்டியது. கண்ணில் நீர் முட்டியது. கைப்பிடியை இறுகப் பற்றினாள், விரல்நகம் பழைய பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. கரண்டி மறுபடி நெருங்கியது. அவளை அறியாமல் கை எழுந்து வாயை மறைத்தது.

"போதும்," என்றாள். "போதும்ணே, போதும்!"

அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்குப் பழகிய ஆட்கள் ஒரே மூச்சில் அண்டாவை இறக்கிவிட்டார்கள். அது தரையைத் தொட்ட அதே நேரம், லேகியத்தின் ஓரமெங்கும் பொன்னிறமாக நெய் கக்கியது.

அண்ணாச்சி ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். அவர் கன்னத்தில் நீர் வழிந்தது. "அம்மா பதம்," என்றார். பந்தலே எழுந்து நின்று கை தட்டியது.

அவர் வேணியிடம் வந்து, அவள் வாயோரத்தில் ஒட்டியிருந்ததைத் தன் மேல்துண்டால் பரிவோடு துடைத்துவிட்டார். அப்புறம் ஒலிபெருக்கிக்காரன் பக்கம் திரும்பினார்.

"ஏப்பா, 'போதும்'னது மைக்குல பதிவாயிருச்சுல்ல?"